மாளிகை வெறுமையாகக் கிடக்கவில்லை

அக்கா,

இன்று காலை சந்தியிலுள்ள பேக்கரியில் பாண் வாங்கினேன். போட்டுத் தந்த காகிதப் பையில் நம்முடைய மாளிகையின் படம். நகர விழாவுக்காக அச்சடித்திருக்கிறார்கள். அகழி, வளைந்து வளைந்து ஏறும் முகப்பு, கல் முற்றம் எல்லாம் அழகாக இருந்தன. பின்புறத்தில் அதன் வரலாறு. நானூறு வருடங்களுக்கு முன் ஒரு பிரபு மறுமலர்ச்சிக் காலப் பாணியில் கட்டினாராம். பிறகு தானியக் களஞ்சியம், பிறகு போர்க்கால மருத்துவமனை. ‘நீண்ட காலம் வெறுமையாகக் கிடந்தபின்’ அருங்காட்சியகமும் பண்பாட்டு மையமும் ஆனதாம். சூடான பாணைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தச் சொல் திரும்பி வந்துவிட்டது.

ஜெர்மனிக்கு வந்த புதிதில், அந்த வெறுமைக்குள்தான் நாம் மூன்று குளிர்காலம் இருந்தோம். மேல்மாடி மண்டபத்தைப் பலகையால் தடுத்து அகதிகளுக்கு அறைகளாக்கியிருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நீங்கள் மிளகாய் வறுத்தால் என் மகன் தும்முவான். புகலிட விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அனுமதியில்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அந்த மண்டபத்தில்தான், ஒரு தை மாதக் காலையில், உங்கள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பாலம் குறுகல் என்று அம்புலன்ஸ் அகழிக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. நம் ஆட்கள் அண்ணையைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாலத்தைக் கடக்குமுன் அவர் போய்விட்டார். பிறகு உங்கள் மகள் தானிருக்கும் டோர்ட்மண்ட் நகரத்துக்கு எவ்வளவோ கூப்பிட்டும் நீங்கள் இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

யூரோ வந்ததற்கு அடுத்த வருடம் மாளிகையைத் திருத்தித் திறந்தார்கள். “ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்” என்று நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். நாம் குடியிருந்த வீட்டுக்குள் நுழைவுச்சீட்டு எடுத்துக்கொண்டு போனோம். மண்டபச் சுவரில் வரலாற்றுப் பலகை மாட்டியிருந்தது. கீழே குதிரை கட்டிய காலத்துக்குக்கூட அதில் ஒரு வரி. வழிகாட்டிய இளம்பெண் அதைப் பார்த்து, “பிறகு கட்டடம் வெறுமையாகக் கிடந்தது” என்றாள்.

“வெறுமையாகக் கிடக்கவில்லை,” என்று ஜெர்மனில் சொன்னீர்கள். “அந்த யன்னலுக்குக் கீழேதான் என் கணவர் விழுந்தார்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. தனக்கு இப்படித்தான் எழுதித் தந்தார்கள் என்றாள். அவளோடு நீங்கள் கோபிக்கவில்லை. எழுதியவரை எங்கே பார்க்கலாம் என்று மட்டும் கேட்டீர்கள்.

எழுதியவர் அருங்காட்சியகப் பொறுப்பாளர். கோப்பி தந்து உபசரித்தார். “இது கட்டடக்கலையைச் சொல்லும் இடம். நீங்கள் சொல்வது கட்டடத்துக்கு நல்ல காலம் அல்ல,” என்றார். நம் அடுப்புப் புகைதான் சுவரைக் கெடுத்தது என்பதுபோல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு மாறாமலே, கோடை விழாவுக்கு உங்கள் நாட்டுச் சாப்பாடு செய்து தர முடியுமா என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீங்களோ சம்மதித்தீர்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உங்களோடு சண்டை பிடித்தேன். “அக்கா, உங்களுக்கு ரோசமில்லையோ? அண்ணை இஞ்ச இருக்கவேயில்லை எண்டு எழுதின ஆளுக்கு ரோல்ஸ் பொரிச்சுக் குடுக்கப் போறியளோ?”

“கத்தாதை பிள்ளை. விழாவில மைக் இருக்கும்,” என்றீர்கள்.

விழாவன்று பொறுப்பாளர் மேடையில் நின்று, இலங்கையிலிருந்து வந்த அன்பு விருந்தினர்களுக்கு நன்றி சொன்னார். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினீர்கள். அவர் கைகுலுக்க வந்தார். நீங்கள் மைக்கை வாங்கிக்கொண்டீர்கள்.

“நாங்கள் விருந்தினர் இல்லை. இந்த வீட்டில் குடியிருந்தவர்கள். உங்கள் பலகையில் குதிரைக்கு இடமிருக்கிறது. என் கணவருக்கு இல்லை.”

அப்போது முன்வரிசையில் ஒரு முதிய ஜெர்மன் பெண் எழுந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து, கிழக்குப் பகுதிகளிலிருந்து ஜெர்மானியர் விரட்டப்பட்டபோது, தன் குடும்பமும் அதே மண்டபத்தில்தான் படுத்தது என்றார். “எங்களையும் எழுதவில்லை,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் பலகையில் ஒரு வரி சேர்ந்தது: ‘சில காலம் தங்குமிடமாகவும் பயன்பட்டது.’ யார் தங்கினார்கள் என்று இல்லை. கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டுச் சொன்னீர்கள்: “ஆர் எண்டு எழுத மை முடிஞ்சுபோச்சாக்கும்.” நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதன்பிறகு வருடா வருடம் அந்த அலுவலகத்துக்குப் போய் அதையே கேட்டீர்கள். நோய் வந்து, நடக்க ஏலாத காலத்திலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். பொறுப்பாளரும் வருடா வருடம் கோப்பி தந்தார்.

உங்கள் அடக்கத்துக்கு அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. ‘எங்கள் நீண்டகால நண்பருக்கு’ என்று நாடாவில் எழுதியிருந்தார்கள். அதைத் தேவாலயத்துக்குள் விட எனக்கு மனம் வரவில்லை. வெளியே, மதிலோரம் சாத்தி வைத்துவிட்டேன். உங்கள் மகள், “விடுங்கோ அன்ரி, மரியாதைக்கு அனுப்பினவை,” என்றாள். மரியாதையாம். உயிரோடு கேட்டபோது தராத ஒரு வரியை, பூவாகக் கட்டி அனுப்பினால் நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

ஆறிவிடும் என்கிறார்கள். ஆறவில்லை, அக்கா. ஆறவிடவும் எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை. கோபம் வந்தால் என் ஜெர்மன் உடைந்துபோகும். இருந்தும் மாதத்துக்கு ஒருதரம் மாளிகைக்குப் போகிறேன். ஆட்களோடு ஆளாக நின்று, வழிகாட்டிகள் அந்தக் காலத்தைத் தாண்டப் பார்க்கும்போது குறுக்கே பேசுகிறேன். போன ஞாயிறு, பார்க்க வந்த ஒருவர், “இங்கே எப்படி இருந்தீர்கள்?” என்று உண்மையாகவே கேட்டார். உங்களிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அடுத்த கூட்டம் வாசலில் வந்து நின்றது. வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.