முதுகிலிருந்து எடுத்த நீரும் மூடி வைத்த தேத்தண்ணியும்

மச்சான்,

இன்று காலை உப்புவெளிக் கிளினிக்கில் சீனி பார்ப்பதற்கு இரத்தம் எடுத்தார்கள். தாதி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கையில் தடவியதும் அந்த மணம் என்னைக் கொழும்பு ஆஸ்பத்திரியின் சிறிய அறை ஒன்றில் கொண்டுபோய் விட்டது. அங்கே நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உன் முதுகில் ஊசி ஏற்றுவதற்காக அதே மணத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறைக்கு உன்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நான் பட்ட பாடு உனக்கு அப்போதே பாதி மறந்திருந்தது. நம்முடைய ஊரில் மறதியை யாரும் நோயாக எடுப்பதில்லை. சண்டையைப் பார்த்தவர், கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர், அகதி முகாமில் கிடந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் மறப்பதற்குத் தகுந்த காரணம் ஒன்று இருக்கிறது. உனக்கோ எல்லாமே இருந்தன. போதாததற்குத் தம்பியும் இருந்தான். அதாவது, இல்லாமல் இருந்தான்.

மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லோஞ்சை நீ ஓட்டிய கடைசி நாளையும் அப்படித்தான் விட்டுவிட்டார்கள். ஜெற்றித் துறையிலிருந்து வெளிக்கிட்ட லோஞ்ச், மூதூர்ப் பக்கத்து வெளிக்குடாவுக்குப் போகாமல் சீனன்குடாப் பக்கம் திரும்பிற்று. லோஞ்ச் நிறைய ஆட்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இங்கே படகு திசை மாறினால் மேலிடத்து உத்தரவு என்று நினைத்துக்கொண்டு இருப்பதுதான் நல்ல பிரஜைக்கு அழகு. எண்ணெய்த் தாங்கிகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மூதூர்க் கிழவி ஒருத்தி கேட்டாள்:

"மகன், மூதூர் இப்ப இந்தப் பக்கமா இரிக்கி?"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். திருப்பத்தான் உனக்குத் தெரியவில்லை.

உன் மனைவி செல்வம் அதற்கும் அசையவில்லை. மறதி நோயா என்று பார்க்க முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தபோது, "அவருக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை அண்ணை, கவலை. கவலைக்கு ஆரும் முதுகிலை ஊசி குத்துறதே? அந்தத் தண்ணியை எடுத்தால் கால் விளங்காமப் போயிடும்" என்றாள். அவளைக் குறை சொல்ல ஏலாது. கவலை என்றால் என்றைக்காவது ஆறும் என்று அவள் நம்பினாள்.

நீதான் வேறு கணக்கு வைத்திருந்தாய். ஜெற்றியில் உட்கார்ந்து, "கவலை எண்டால் மருந்து குடிக்க ஞாபகம் திரும்பி வருமாம் மச்சான். ஆறுதலாச் சொல்லலாம். மற்ற வருத்தம் எண்டால் இப்பவே சொல்லி முடிக்க வேணும்" என்றாய். எதைச் சொல்வது என்று நான் கேட்கவில்லை. உன் தம்பியை வீட்டு வாசலில் வைத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர்களில் மிஞ்சியிருந்தவன் நீ ஒருவன். காணாமல் போனவர்களை விசாரிக்க ஆணைக்குழு மாறி ஆணைக்குழு வந்தபோதெல்லாம் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போய், ஒரு சொல் கூடாமல் குறையாமல் அதையே சொல்லிவிட்டு வந்தாய். மற்றச் சாட்சிகள் எல்லாம் செத்துப்போனார்கள், அல்லது வெளிநாடு போனார்கள். தம்பி கடைசியாக உயிரோடு இருந்த இடம் உன் தலைதான்.

கொழும்பு டொக்டர் பிள்ளை நல்லவள். யாழ்ப்பாணத்துப் பெண். "ஐயா, இறால் மாதிரிச் சுருண்டு படுங்கோ" என்றாள்.

"இறால் அவிச்சாப் பிறகுதான் சுருளும் டொக்டர். நான் இன்னும் பச்சை."

அவள் கை நின்று போகும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு துளித்துளியாகக் குழாயில் விழுந்ததை நீ பார்க்கக் கேட்டாய். கிணற்றுத் தண்ணீர் போல் தெளிந்திருந்தது. "இவ்வளவு காலம் யோசிச்சதுக்கு ஒரு நிறமாவது வந்திருக்க வேண்டாமே?" என்றாய்.

அந்த நீரில் என்ன பார்ப்பார்கள் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். இரண்டு புரதங்களை அளப்பார்களாம். நோய் இருந்தால் ஒன்று மூளைக்குள்ளேயே படிந்துவிடுமாம். ஆகவே நீரில் அது குறைந்து காணப்படும். மற்றது பழுதாகும் நரம்புக் கலங்களிலிருந்து கசிவதால் கூடிக் காணப்படும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை, ஸ்கானையும் உங்கள் கதையையும் சேர்த்துத்தான் முடிவெடுப்போம் என்றாள்.

நீ முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டாய். "உள்ளுக்குப் போனது வெளியிலை வாறேல்லை. அப்பிடியான இடங்கள் எனக்குத் தெரியும் டொக்டர்."

அவள் குனிந்து குழாயில் உன் பெயரை ஒட்டினாள்.

நீர் கடல் தாண்டிப் போய்ச் சோதிக்கப்பட்டு முடிவு வந்தது. குறைய வேண்டியது குறைந்திருந்தது. கூட வேண்டியது கூடியிருந்தது. உன் உடம்பில் எல்லாம் சட்டப்படி நடந்திருந்தது. உன் கால்களும் நன்றாகத்தான் இருந்தன. அதே கால்களோடு, அந்த மாதம் ஊருக்கு வந்திருந்த புதிய ஆணைக்குழுவின் முன்னால் போய் நின்றாய். நான் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன்.

விசாரித்தவர் மரியாதையான மனிதர். வழக்கமான கேள்விகளுக்கு நடுவில், "ஏதும் வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறீங்களோ ஐயா?" என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். பிரஷர் என்று சொல்லியிருந்தால் யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள். நீ உன் நோயின் பெயரைத் தெளிவாகச் சொன்னாய். முள்ளந்தண்டு நீரில் பார்த்தது என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டாய்.

அவர் பேனையை வைத்துவிட்டார். "அப்ப ஐயா, உங்கட ஞாபகத்தை நாங்கள் எப்பிடி நம்புறது?"

"இவ்வளவு காலமும் என்ரை ஞாபகம் நல்லாத்தானே இருந்தது. அப்ப நம்பினனீங்களோ?"

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு உன் ஆணைக்குழு நான்தான். பின்னேரங்களில் ஜெற்றிக் கல்லில் இருந்துகொண்டு சொல்லுவாய். நானும் முதல்முறை கேட்பதுபோல் கேட்பேன். தம்பிக்கு நீலச் சேட்டு. இடது செருப்பின் வார் அறுந்து சட்டை ஊசி குத்தியிருந்தது. சீருடை இல்லாத நாலைந்து பேர். தம்பி தேத்தண்ணியில் ஒரு வாய்தான் குடித்திருந்தான். ஏறும்போது திரும்பிப் பார்த்து, "அண்ணை, தேத்தண்ணியை மூடி வை, இலையான் விழும், வந்து குடிக்கிறன்" என்றான்.

சில மாதங்களில் உன் கதையிலிருந்து செருப்பு போயிற்று. அப்புறம், அவனைப் பிடிக்க வந்தவர்கள் போனார்கள். நீலச் சேட்டு சில நாள் வெள்ளையாயிற்று. நான் திருத்தினால் கோபிப்பாய். கடைசியாகத் தேத்தண்ணி மட்டும் மிஞ்சியது. பின்னேரமானால் ஒரு கோப்பையை ஊற்றுவித்து, அதன்மேல் ஒரு பீரிசுத் தட்டைக் கவிழ்த்து வைப்பாய்.

ஒருநாள் நான் வந்தபோது உன் முகம் மினுங்கிற்று. "மெல்லக் கதை மச்சான். தம்பி வந்திட்டான். குடிச்சிட்டு உள்ளுக்குப் படுத்திருக்கிறான்."

கோப்பை காலியாகத்தான் இருந்தது. நான் குசினிக்குள் போனேன். செல்வம் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "இனி ஒண்டும் சொல்லாதேங்கோ அண்ணை. வந்ததாகவே இருக்கட்டும்" என்றாள். நீ போய்ச் சேரும் வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் சீனி இல்லாமல் அதைக் குடித்து முடித்தவள் அவள்.

இப்போது முதுகைத் தொடாமல் இரத்தத்திலேயே உன் நோயைப் பார்க்கும் முறைகள் வருகின்றனவாம். இன்று காலை தாதிப் பிள்ளை சொன்னாள். மருத்துவம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆணைக்குழுக்களில் அப்படியொரு முன்னேற்றம் இருப்பதாகத் தெரியவில்லை. போன வருடம் வந்ததன் முன்னால் நானும் போய் நின்றேன். நீலச் சேட்டு, ஊசி குத்திய செருப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்கள் நேரிலை கண்டனீங்களோ?" என்றார்கள். இல்லை என்றேன். கண்டவன் சொல்லக் கேட்டனான் என்றேன். கண்டவன் எங்கே என்றார்கள்.

உன் தம்பி உனக்கு வந்துவிட்டான் மச்சான். இந்தக் கரையில் காத்திருந்த அத்தனை பேரிலும் உனக்கு மட்டும்தான் அது வாய்த்தது. எனக்கு அவன் இன்னும் வரவில்லை. அந்தச் செருப்போடு, ஏறுகிற இடத்திலேயே திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தேத்தண்ணியை மூடித்தான் வைத்திருக்கிறேன்.