குளத்தருகே கேட்கப்பட்ட கேள்வி

மார்ச் 18, செவ்வாய்

மருத்துவமனையில், சிறுநீரகப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அமர்ந்து எழுதுகிறேன். உள்ளே மனைவிக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி எனக் காத்திருக்கும் இந்நேரத்தை இதுவரை வழக்குக் கோப்புகளுக்குத் தந்து வந்தேன். இனி விவிலியத்துக்குத் தருவதாக முடிவு.

முறையைச் சொல்லித்தந்தவள் கன்னியர் மடத்திலிருக்கும் என் தங்கை. சிறு பகுதி ஒன்றை மெதுவாக வாசிக்க வேண்டும். ஏதேனும் ஒரு சொல் தடுத்து நிறுத்தினால், மேலே போகாமல் அதையே மனத்துக்குள் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு அதைக்கொண்டு இறைவனோடு பேச வேண்டும். முடிவில் பேச்சையும் விட்டுவிட வேண்டும். கடைசிப் பகுதி என் வக்கீல் தொழிலுக்கு ஒவ்வாதது என்றேன்.

"முயற்சி பண்ணுண்ணா, செத்தா போயிடுவ?" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மார்ச் 20, வியாழன்

தொழுநோயாளர் குணமான பகுதி. எந்தச் சொல்லும் தடுக்கவில்லை.

மார்ச் 22, சனி

மருத்துவர் தனியே அழைத்தார். இதயம் தளர்ந்துவிட்டது, மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழியில்லை, டயாலிசிஸை உடல் தாங்குவதும் வரவரக் கடினமாகும்.

"நிறுத்தினா சில நாள்தான் சார். தொடர்ந்தா கொஞ்சம் கூடும், ஆனா இப்படியேதான் இருப்பாங்க. எதுக்கும் அவங்ககிட்ட மனசு விட்டுப் பேசிப் பாருங்க."

தொடருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் பேசவில்லை. வெளியூரிலிருக்கும் மகளும் தொலைபேசியில், "என்ன ஆனாலும் நிறுத்தாதீங்கப்பா" என்றாள். ஆக, குடும்பத்தின் முடிவு ஒருமனதானது என்று குறித்துக்கொள்ளலாம்.

மார்ச் 25, செவ்வாய்

மாலையில் தங்கை வீட்டுக்கு வந்தாள். என் விவிலியத்தில் செருகியிருந்த வண்ணத் தாள் துண்டுகளைப் பார்த்து, "இது என்னண்ணா?" என்றாள். இயேசு நோயாளர்களைக் குணமாக்கிய இடங்கள் என்றேன். சாதகமான முன்தீர்ப்புகளைத் தொகுத்து நீதிபதி முன் வைப்பதில்லையா, அதுபோல.

தலையில் அடித்துக்கொண்டாள். "ஆண்டவர்கிட்டயே கேஸ் நடத்துறியா? உனக்கு வேணுங்கறதையே எடுத்துப் படிச்சா அவர் எப்ப பேசுறது? அன்னன்னைக்குப் பூசையில என்ன வாசகமோ அதைப் படி." துண்டுகளை அவளே உருவினாள்.

கட்டிலிலிருந்து மனைவி சிரித்தாள். "விடும்மா. உங்க அண்ணன் மோட்சத்து வாசல்லயும் வாய்தா வாங்கிட்டு வந்துடுவார்."

"அண்ணி, நீங்கதான் இவரைக் கெடுத்து வச்சிருக்கீங்க."

நெடுநாளுக்குப் பின் கேட்ட சிரிப்பு. இருமலில் முடிந்தது.

மார்ச் 29, சனி

பாதியில் இரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்பிவிட்டது. உள்ளே எல்லோரும் ஓடினார்கள். என்னை விடல. கண்ணாடி வழியா அவ கால் மட்டும்தான் தெரிஞ்சுது.

படிக்கல. ஒண்ணும் படிக்கல.

ஏப்ரல் 1, செவ்வாய்

நான் தேர்ந்தெடுக்காமலே வந்தது. இன்றைக்குரிய வாசகம் யோவான் நற்செய்தியில், குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்தவன் எழுந்து நடந்த பகுதி. நமக்கே சாதகமான தீர்ப்பு என்று எண்ணினேன்.

ஆனால் மனம் அவன் நடந்த இடத்தில் நிற்கவில்லை. அதற்கு முன்பே, குணமாக விருப்பமா என்று இயேசு அவனைக் கேட்கிறாரே, அங்கே நின்றது. அவ்வளவு காலம் கிடந்தவனிடம் கேட்கத் தேவையற்ற கேள்வி. நான் எதிர்த்தரப்பில் இருந்திருந்தால் ஆட்சேபித்திருப்பேன். அவனும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நோய் தீர்க்கும் என்று நம்பப்பட்ட அந்தத் தண்ணீரில் தன்னை இறக்கிவிட ஆளில்லை என்கிறான்.

ஏன் கேட்டார்?

ஏப்ரல் 2, புதன்

தங்கையின் விதியை மீறி நேற்றைய பகுதியிலேயே இருக்கிறேன்.

விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்பது என் சீனியர் முதலில் கற்பித்த பாடம். அதனால் வென்றிருக்கிறேன். அதே எச்சரிக்கையை வீட்டுக்குள்ளும் கடைப்பிடித்து வருகிறேன் என்பது இன்று அவளுக்கு மாத்திரை கொடுக்கும்போது உறைத்தது. வலிக்கிறதா என்று கேட்கிறேன். தலையணையை உயர்த்தவா என்று கேட்கிறேன். இதை மட்டும் கேட்டதில்லை. விடை தெரியாததாலா? தெரிந்ததாலா?

ஏப்ரல் 3, வியாழன்

புறப்படும் முன், செருப்பை மாட்டிவிடக் குனிந்தபோது கேட்டேன். முகம் பார்த்துக் கேட்கத் துணிவில்லை.

"உனக்கு இது வேணுமா?"

"எது, செருப்பா?"

"டயாலிசிஸ்."

மாட்டிய செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டாள். பிறகு, "எதிர்க்கட்சி வக்கீல் கேட்டிருந்தாகூட இதுக்குள்ள சொல்லியிருப்பேங்க. போதும்."

"வலியில சொல்றியா? நாளைக்கே மனசு மாறிடுச்சுன்னா? பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை—"

"குறுக்கு விசாரணை எல்லாம் வேணாம். கேட்டீங்க, சொல்லிட்டேன்." குனிந்திருந்த என் தலைமேல் கை வைத்தாள். "பயமாத்தான் இருக்கு. ஆனா போதுங்க."

வாசலில் நின்ற வண்டியைத் திருப்பி அனுப்பினேன். மருத்துவர் அவளிடமே தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்டார். வலி தெரியாமலிருக்க மருந்து தருவதற்கு வீட்டுக்கு ஒரு செவிலியர் வருவார். மகளுக்கு நானே தெரிவித்தேன். மறுமுனையில் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

ஆண்டவரே, குளத்தருகே கிடந்தவனை எழுப்பினீர். சரி. அந்த மண்டபம் முழுக்க ஆட்கள் கிடந்தாங்களே, அவங்ககிட்ட எல்லாம் ஏன் கேக்கல? நீர் தாண்டிப் போனப்ப உம்மை அவங்க பாத்திருப்பாங்கல்ல? என்ன நினைச்சிருப்பாங்க? சொல்லும்.

இவ சுவர்ப் பக்கமாத் திரும்பிப் படுத்திருக்கா. மூச்சு இரைக்குது. நான் கேட்டிருக்கவே கூடாதோ—

விவிலியத்தை மூடிவிட்டு அவள் முதுகை நீவிக்கொடுத்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மகள் வந்துவிட்டாள். தாய்க்கு அவளை அடையாளம் தெரிந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

அடக்கத்துக்கு வந்தவர்களில் கடைசியாகத் தங்கையும் இன்று மடத்துக்குத் திரும்பினாள். வீட்டில் நானும் மகளும் மட்டும்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமலே கேட்டாள். "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

இதயத்தின் நிலை, மருத்துவ அறிக்கைகள், நிபுணர் கருத்து என வரிசையாக எடுத்து வைக்கத்தக்க நியாயங்கள் அனைத்தும் என்னிடம் இருந்தன.

"உங்க அம்மாவை," என்றேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"தினம் அம்மாகூட போன்ல பேசினேனேப்பா. என்கிட்ட ஏன் அவங்க ஒண்ணும் சொல்லல?"

"தெரியலம்மா."

கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு அருகில் நின்றேன். துடைப்பதற்கு ஒவ்வொரு தட்டாக நீட்டினாள். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.