மேடையிலை திருநீறு பூசின மாமிக்கு

என்ரை அன்பான மாமி,

நேற்று நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் ஒரு வேலையும் ஓடுதில்லை. வெண்டிட்டம் மாமி. பொறுங்கோ, முதலிலையிருந்து சொல்லுறன்.

பலேர்மோவிலை, சீசா எண்ட பகுதியிலை இருந்த அந்தச் சின்ன மண்டபத்திலை நான் முதல்முதல் புத்தோ ஆடினது ஞாபகமிருக்கோ? நான் வேலை செய்த இத்தாலிக்காரச் சின்யோரா வீட்டுத் தரையைத் துடைச்சுப்போட்டு ஓடிப்போய்ப் பழகின ஆட்டம். ஜப்பான்காரரின்ரை ஆட்டம், உடம்பெல்லாம் வெள்ளை பூசி மெல்ல மெல்ல ஆடுறது எண்டு சொல்லித்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனனான். நீங்கள் எங்கை கேட்டீங்கள்? நான் கண் செருகி, வாய் கோணி, நிலத்திலை நெளிய, மருமகளுக்கு உரு வந்திட்டுது எண்டு முடிவே கட்டிப்போட்டீங்கள். செருப்பைக் கீழை கழட்டிவிட்டு மேடையிலை ஏறி, இடுப்பிலை செருகியிருந்த திருநீற்றுப் பையை அவிழ்த்து என்ரை நெத்தியிலை பூசினீங்கள்.

"போதும் தாயே, மலையேறு. பிள்ளை களைச்சுப்போனாள்."

நான் செத்தன் எண்டு நினைச்சன். சனமோ எழும்பி நிண்டு கை தட்டுது. அதுவும் ஆட்டமெண்டு நினைச்சிட்டினம். அடுத்த நாள் பேப்பரிலை, அந்த அம்மா வாற இடந்தான் உச்சம் எண்டு எழுதியிருந்தாங்கள். மாசக்கணக்காய் முறிஞ்சது நான், பேர் உங்களுக்கு. எரிச்சல் வராதே?

ஆனால் அவங்கள் எழுதினது சரி. அதுக்குப் பிறகு என்ரை ஆட்டம் ஒண்டும் நீங்கள் ஏறி வராமல் முடிஞ்சதில்லை. மிலானோ, பாரிஸ், பெர்லின் எல்லாம் வந்தீங்கள். எனக்கு நடிக்கத் தெரியாது எண்டு சொல்லிச் சொல்லி, ஒவ்வொருதரமும் உண்மையாய்த்தான் பூசினீங்கள்.

உங்கடை மகன்தான் ஒருநாளும் வரேல்லை. என்ரை தாயையும் விசராக்கிப்போட்டாய் எண்டு புறுபுறுத்துக்கொண்டு ஹோட்டல் குசினிக்குப் போயிடுவார்.

நீங்கள் கண்ணை மூடினாப்பிறகு நேற்றுத்தான் முதல் ஆட்டம். பொலிதேயாமாச் சதுக்கத்துக்குக் கிட்டப் பெரிய தியேட்டர், ஒரு கதிரை மிச்சமில்லை. உங்கடை இடத்துக்கு ஒரு நடிகையை விடுவம் எண்டு கேட்டினம். மாட்டன் எண்டிட்டன். அப்ப ஆட்டத்தை எப்பிடி முடிக்கிறது? எனக்கே தெரியாது. நானாய் எழும்புமட்டும் வெளிச்சத்தை அணைக்காதேங்கோ எண்டு மட்டும் சொல்லிவைச்சன்.

கடைசியிலை, நீங்கள் ஏறி வாற மூலையிலை வந்து கிடந்தன். எழும்ப உடம்பு கேக்கேல்லை. கண்ணீர் வெள்ளையைக் கரைச்சுக்கொண்டு காதுக்குள்ளை போகுது. நீங்கள் இல்லாமல் என்னாலை ஏலாது போலை கிடந்துது.

படியிலை காலடிச் சத்தம் கேட்டுது. பார்த்தால் இவர். சமையல் உடுப்போடை, வெறுங்காலோடை. சப்பாத்து ரெண்டும் கீழை, உங்கடை செருப்புக் கிடக்கிற இடத்திலை. கையிலை உங்கடை திருநீற்றுப் பை. குனிஞ்சு என்ரை நெத்தியிலை பூசினார்.

"எழும்பு பிள்ளை," எண்டார். "வீட்டை போவம்."

பிள்ளை எண்டது உங்கடை சொல்லெல்லே, மாமி. இவர் என்னை ஒருநாளும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை. நான் எழும்பினன்.

பிறகு விழுந்த கைதட்டு உங்களுக்குக் கேட்டிருக்கோணும். இவ்வளவு காலமும் எங்களைப் பாத்து வாயைப் பொத்திச் சிரிச்ச எங்கடை கோயில் ஆக்களும் எழும்பி நிண்டவை. இண்டைக்குக் காலமை ஜப்பானிலையிருந்தே கூப்பிட்டிட்டினம். இந்த ஆட்டம் பிறந்த மண்ணிலை, பலேர்மோவிலையிருந்து போய் நாங்கள் ஆடப்போறம். இவர் லீவும் கேட்டிட்டார். இனிச் சப்பாத்து வேண்டாமாம், கழட்டச் செருப்புத்தான் சுகமாம்.

பையிலை திருநீறு முடிஞ்சால் நிரப்புவன், பையை மாத்தமாட்டன். என்ரை உடம்பு அசையுமட்டும், உங்கடை திருநீறு நெத்தியிலை படாமல் என்ரை ஆட்டம் முடியாது. இது சத்தியம்.

உங்கடை பிள்ளை,
மருமகள் கௌரி