குஞ்சின் பாட்டைத் திருத்திய அம்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், இந்த முறை அதை மனதார எழுத முடிகிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணன் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள்.

கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா ஏன் போனில் பேசுவதில்லை, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வலியெல்லாம் இல்லையம்மா. பேசலாம், குரல் மட்டும் பழையபடி இருக்காது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், அந்தக் கரகரத்த குரலை ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். எல்லாம் சைகைதான். பாட்டு வகுப்புக்கு யாரும் வரவேண்டாம் என்று என்னை விட்டே சொல்லவைத்தாள்.

இதற்கிடையில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பழைய குழாயைப் பிடுங்கிய ஓட்டையில் ஒரு ஜோடிக் குருவி கூடு கட்டியது. கருப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்திக்கொண்டு நிற்கும், பெயர் தெரியவில்லை. அந்த ஆண் குருவி இருக்கிறதே, எமகாதகப் பயல். நம் வீட்டு அழைப்பு மணியைத் தன் பாட்டுக்குள் அப்படியே சேர்த்துக்கொண்டான். நான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பதும், ஆளில்லாததைப் பார்த்து மாடிவீட்டுப் பிள்ளைகளைத் திட்டுவதுமாக இருந்தேன். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஜன்னலைக் காட்டிச் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அங்கேதான் நாற்காலி. அவன் பாட்டுத் துண்டுகளை முன்பின்னாக மாற்றிக் கோர்த்துப் பாடுகிறானாம், எதிர்க் கம்பத்தில் இன்னொரு ஆண் குருவி பாடினால் அதே துண்டை எடுத்துப் பதில் கொடுக்கிறானாம், எல்லாவற்றையும் மேசையில் விரலால் தட்டித் தட்டியே எனக்குப் புரியவைப்பாள்.

குஞ்சுகள் பறந்த பிறகும் ஒன்று மட்டும் ஜன்னல் கம்பியை விடவில்லை. மழலை மாதிரி முதலில் வெறும் முணுமுணுப்பு, அப்புறம் அப்பன் பாட்டில் ஒரு துண்டு, அப்புறம் கோணல்மாணலாக முழுப் பாட்டு. போன வாரம் ஒருநாள் நான் கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, அது பாட்டில் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி தவறிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து, “அங்க இறங்கணும்டா, ஏன் மேல ஏறிப் போற?” என்று ஒரு குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கையில் கரண்டியோடு உன் அம்மா! பேசியது அவளுக்கே தெரியவில்லை, என் முகத்தைப் பார்த்ததும்தான் வாயைப் பொத்தினாள். “அவன் காதுல விழல, இன்னொரு தடவ சொல்லு” என்றேன். சொன்னாள், பாடியும் காட்டினாள். உடைந்த குரல்தான் கண்ணு, ஆனால் சுருதி இம்மியும் விலகவில்லை. அன்று நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டது தெரியாமலே கடைக்குப் போய்ச் சேர்ந்தேன், முதலாளி கேட்டதற்கும் சிரித்துவைத்தேன்.

குருவி திருந்தியதா என்று கேட்காதே, அந்த இடத்தில் இன்னும் மேலேதான் ஏறுகிறது. அம்மாவும் விட்டபாடில்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் ஆசி. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அம்மாதான் எடுப்பாள். யாரோ பேசுவது போலிருக்கும், அழுதுவிடாதே. அன்றைக்கு என்ன சமைத்தாய் என்று சொல், மற்றதை அவள் திட்டியே பேசிக்கொள்வாள்.

என்றும் உன் அன்புள்ள
அப்பா