நாணு மாஸ்டர் திட்டவே இல்லை

அன்புள்ள அத்தாவுக்கு, லுப்னாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் முட்டுவலி குறைந்ததா?

அயர்லாந்தில் எங்கள் வீட்டைச் சுற்றி வயலும் ஆடும்தான், பஸ் கிடையாது. பெருநாளன்று உங்கள் மருமகனுக்கு டியூட்டி. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிவாசலுக்கு, நடந்தாவது பாதி தூரம் போகலாமென்று புதுப்புடவையோடு இறங்கினேன். மூன்று கார்கள் நின்றன. மூன்று பேரும், "கார் கேடாயிருச்சா?" என்றே கேட்டார்கள். "காரே இல்லை" என்றதும் விழித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூவரும் அந்தப் பக்கம் போகிறவர்கள் இல்லை; தொழுகை மட்டும் தவறிவிட்டது.

அத்தா, போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். மட்டாஞ்சேரியில் கார் ஓட்டப் படிக்கப் போன மூன்றாம் நாளே, "நாணு மாஸ்டர் எல்லார் முன்னாலயும் திட்டறாரு அத்தா" என்று அழுது பாதியில் நின்றேனே, அது பொய். "பேடிக்கண்டா மோளே, பதுக்கெப் போ" என்று, பயப்படாமல் மெதுவாகப் போகத்தான் அவர் சொன்னார். பயம் எனக்குத்தான். என் பேச்சை நம்பி, நாற்பது வருட சினேகிதரோடு பேச்சையே நிறுத்திவிட்டீர்கள். தொழுகையில் நிற்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் இதை வாசித்துக் காட்டுங்கள். தபால் வண்டி வந்துவிட்டது. அவர் உங்களுக்குச் சாயா தந்தாரா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
லுப்னா