மிட்டுவுக்கு லட்டு வேண்டாம்

இஞ்சாருங்கோ,

நீங்கள் இரவு வேலை முடிந்து வரும்போது நான் முதியோர் இல்லத்தில் வேலையில் நிற்பேன். புட்டும் மீன்குழம்பும் அடுப்பில் இருக்கின்றன, சூடாக்கிச் சாப்பிடுங்கோ. மத்தியானம் ஹீட்டர் திருத்த ஆள் வருவார், கதவைத் திறந்து விடுங்கோ.

எங்கள் பூனை மிட்டு, நீங்கள் கொடுத்த லட்டைத் தின்றுவிட்டுச் சத்தி எடுத்ததற்கு நேற்று உங்களோடு சண்டை பிடித்தேன். "சின்னத் துண்டு லட்டுத்தானே, பாவம், கேக்குது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே வேலைக்குப் போனீர்கள். பிறகு மிருக வைத்தியரிடம் போனில் கேட்டேன். பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாதாம். நெய் வாசத்துக்குத்தான் வருமாம். சீனி அதன் வயிற்றுக்குக் கூடாது. சொக்லேட் என்றால் நஞ்சாம். இனி ஆசைக்கு அவித்த கோழியில் ஒரு துண்டு கொடுங்கோ. மிட்டு இப்போது சுகமாக இருக்கிறது, பயப்படாதேங்கோ.

நிரோஜினி

பி.கு: இரவு மிட்டு உங்கள் தலையணையில்தான் படுத்தது. நானும் அந்தப் பக்கம் நகர்ந்து படுத்தேன்.

இன்னொன்று: நாங்கள் ஆளையாள் காண்பதே அரிது. நேற்றுக் கண்ட கொஞ்ச நேரத்தையும் சண்டையில் கழித்துவிட்டோம். இண்டைக்கு நான் வரமுதல் வேலைக்கு வெளிக்கிடாதேங்கோ. பஸ்ஸால் இறங்கி ஓடி வாறன்.