ஐசியில் இருக்கிற முழுப் பெயர்

அடியே, இன்றைக்கு மலாக்கா பக்கத்துச் செங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீஸுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் அறை வாசலில் காலணியைக் கழற்றச் சொன்னார்கள். கதவைத் திறந்ததும் ஏர்கான் குளிரோடு பழைய கார்ப்பெட் வாடை முகத்தில் அடித்தது. நம் கல்லூரி லேப்பின் அதே வாடை. அப்படியே நின்றுவிட்டேன். உன்னைத் திட்ட வேண்டும் போலிருந்தது. இப்படி ஒரு வாடையை என்னிடம் விட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே!

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மலாக்கா டவுனில் கம்ப்யூட்டர் டிப்ளோமாவின் கடைசித் தவணைப் பரீட்சை. இருவர் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதி, விரிவுரையாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் வீடியோ கடைக்குத்தான் எழுதினார்கள். நாமும் அதையே செய்துவிட்டுப் போவோம் என்றேன். நீயா கேட்பாய்?

"எங்க எஸ்டேட் கிளினிக்ல கார்டு தேடி எடுக்கிறதுக்குள்ள காய்ச்சலே போயிடும்லா. அதுக்கு எழுதுவோம்" என்றாய்.

நியாலாஸ் எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏறி வருவாய். ஜன்னலில் சாய்ந்து தூங்கிய தடம் கன்னத்தில் இருக்கும். உன் அண்ணன் செங் ஃபேக்டரியில் உனக்கு வேலை பேசி வைத்திருந்தார். பால்மரம் சீவும் உன் அப்பா ஒருவர்தான், "இந்தப் பரீட்சை முடியட்டும்" என்று அவரை நிறுத்தி வைத்திருந்தார். பாஸானால் இந்தக் கம்ப்யூட்டர் தொழில், இல்லையென்றால் ஃபேக்டரி லைன். உனக்கு மறுவாய்ப்பு கிடையாது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

நோயாளியின் பெயரைத் தட்டினால் அதே பெயரில் ஒரு ஃபைல் உண்டாகும்படி எழுதியிருந்தோம். உங்கள் எஸ்டேட் லயத்து வீட்டு ஆட்களையே உள்ளே போட்டு ஓட்டிப் பார்த்தோம். குண்டு மணி, லோரி அண்ணன், சின்னபாப்பா என்று அங்கே கூப்பிடுகிற பெயர்களை நீ சொல்லச் சொல்லத் தட்டினேன். எல்லாரையும் மடமடவென்று வாங்கிக்கொண்டது. நமக்குத் தலைகால் புரியவில்லை.

பரீட்சை அன்றைக்கு அண்ணியிடம் இரவல் வாங்கிய பாஜு கூரோங் உடையில் வந்து நின்றாய். நம் சீன விரிவுரையாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "உன் பெயரையே போடு. அடையாள அட்டையில், ஐசியில் இருக்கிறபடி" என்றார்.

போட்டாய். உன் பெயர், அப்புறம் நம் பெண்கள் எல்லாருக்கும் இருக்கிற ஏ, ஒரு சாய்வுக்கோடு, பி, அப்புறம் உன் அப்பா பெயர். இன்னாரின் மகள் என்று சொல்கிற அந்தக் கோடு, கம்ப்யூட்டருக்கு ஃபோல்டரைப் பிரிக்கிற கோடு. அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று சொல்லிப் புரோகிராம் படுத்துவிட்டது.

விரிவுரையாளர் நல்ல மனிதர். "அந்தக் கோடு இல்லாமல் தட்டேன்" என்றார். "தட்டுடி" என்று நானும் உன் காதைக் கடித்தேன்.

நீ கையை எடுத்துவிட்டாய். தடுமாறுகிற ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னாய்: "சார், எங்கள் எஸ்டேட்டில் எல்லாருக்கும் இந்தக் கோடு இருக்கிறது. அதை வாங்காத புரோகிராம் அவர்களுக்கு எதற்கு? எங்களைக் கடைசியாகக் கூப்பிடுங்கள்."

"கடைசியிலும் நின்றுபோனால் ஃபெயில்தான்" என்றார். சரி என்று தலையாட்டினாய். உன்னை அங்கேயே கிள்ளியிருப்பேன்.

பின்வரிசைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். முன்னால் வீடியோ கடைகள் ஒவ்வொன்றாகக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தன.

"ஃபைலுக்கு நம்பர் வச்சிடுவோம். பேரு உள்ள முழுசா இருக்கட்டும்" என்றாய்.

"தேடுற இடத்துல எல்லாம் மாத்தணுமே! முடியாதுடி, ஒண்ணு மறந்தாலும் போச்சு."

"அப்போ மறக்காத. கண்ணை மட்டும் அங்க இங்க விடாத. எங்கெங்க மாத்தணும்னு சொல்லு, நான் தட்டுறேன்."

நான் சொன்னேன், நீ தட்டினாய். ஓட்டிப் பார்க்க நேரமில்லை, அதற்குள் கூப்பிட்டுவிட்டார். திரும்பவும் உன் பெயரைப் போட்டாய், ஓர் எழுத்துக்கூட விடாமல். சேமித்தது. தேடினாய். கோடும் அப்பாவுமாக முழுப் பெயரும் திரையில் வந்து நின்றது. நீயோ விடுவதாக இல்லை, "இப்ப இவ பேரு, சார்" என்று என் பெயரையும் போட்டுக் காட்டினாய். விரிவுரையாளர் சிரித்துவிட்டார். பாஸ்!

ஃபேக்டரி பேச்சு அதோடு நின்றது. நாம் இருவரும் அதற்கப்புறம் எத்தனையோ ஆபீஸ்களுக்கு எழுதினோம். பிறகு அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. மருந்து ஏறும்போதுகூட மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்னிடம் சண்டை போட்டாய். நீ போன கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மனசு உன்னை ரொம்பத் தேடுதுடி.

ஆனால் வேலையை விடவில்லை. எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதல் ஆளாக உன்னைத்தான் உள்ளே போடுகிறேன், ஐசியில் இருந்தபடி. உன்னை வாங்கிக்கொள்ளும்வரை வாடிக்கையாளரிடம் கொடுப்பதில்லை. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் இன்று கேட்டாள்: "யாருக்கா இவங்க? எல்லா சிஸ்டத்துலயும் இவங்க பேருதான் முதல்ல இருக்கு."

"என் பார்ட்னர்" என்றேன். "இன்னும் டெஸ்ட் பண்ணிக்கிட்டுதான் இருக்கா."